செரோட்டினா என்ற பெயரடை

ஜூன் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்தபடியே வந்து, அடுத்த நிறுத்தத்தில் வேறு பெட்டிக்குப் போய்விட்டார். என் சட்டையெல்லாம் அந்துருண்டை வாசனை என்று உன் அண்ணி சொல்வதை இனிமேல் மறுக்க முடியாது. காய்ந்த செடிகளோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினால் வேறென்ன வாசனை வரும்.

பெட்டியைத் திறந்தால் குட்டியின் ஒற்றைக் காலுறை. துணிகளுக்கு நடுவே எப்படியோ ஏறி வந்துவிட்டது. பதிலுக்கு என் துண்டை அங்கே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. தேட வேண்டாம்.

ஹெர்பேரியத்தில், செடிகளைத் தாளில் ஒட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த ஜன்னலோர மேசைக்கு ஒரு புதுப்பெண் வந்திருக்கிறாள். பசையைக் கஞ்சி மாதிரி கரைக்கிறாள். செடி தாளில் நீந்துகிறது.

உன் மாமியாருக்கு முழங்கால் வலி எப்படி? மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் பகல் முறை கிடைத்ததா? உன் இருமல் நின்றதா? எல்லார் சுகத்துக்கும் ஒரு பதில் போடு.

உன் அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் பரவாயில்லை. அவருக்குப் பகல் முறை வந்துவிட்டது. எனக்கு இருமல் இல்லை. நீ கேட்ட வரிசையிலேயே பதில் சொல்லிவிட்டேன். குட்டியைப் பற்றி நீ கேட்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து உன் கடிதமெல்லாம் 'குட்டி என்ன சொல்கிறாள்' என்றுதான் முடியும். இந்தத் தடவை காலுறையோடு நிறுத்திவிட்டாய்.

குட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றேகால் வயதாகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை இவளைவிடச் சின்னவன், கதவைத் தட்டிக்கொண்டு 'தா, தா' என்கிறான். பேச்சுகூட எனக்குப் பெரிதில்லை அண்ணா. பின்னாலிருந்து கூப்பிட்டால் இவள் திரும்புவதில்லை. முன்னால் போய் நின்றால் முகமெல்லாம் சிரிப்பு. சில சமயம் திரும்பிவிடுகிறாள், எனக்கு உயிர் வருகிறது. பிறகு பார்த்தால் என் நிழல் அவளுக்கு முன்னால் தரையில் விழுந்திருக்கும்.

காது டாக்டரிடம் காட்டலாம் என்றேன். அத்தை, "உன் புருஷன் மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கல. இப்போ திறந்த வாய மூடறானா பாரு" என்றார். உன் மாப்பிள்ளை அதற்குச் சிரிக்கவில்லை. "படிச்சவளக் கட்டினா இதான். புத்தகத்துல இருக்கிற வியாதியையெல்லாம் கையப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றே" என்றார். ஆனால் உன் பேச்சை அவர் கேட்பார். பூதக்கண்ணாடி வைத்து இதழ் எண்ணிப் பெயர் சொல்கிறவர் அவசரப்பட்டுப் பேசமாட்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நீ அவளோடு கூட இருந்து பார்த்தவன். என்ன நினைக்கிறாய்? ஒரு வரி போதும். நீ எழுதினால் மறுநாளே தூக்கிக்கொண்டு போவேன்.

உன் துண்டு இங்கேதான் இருக்கிறது, அடுக்களை மேல்தட்டில். நான் எடுக்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் சின்னவள்


ஜூலை 24

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். இங்கே அலமாரிகளை இடம் மாற்றுகிறார்கள். நானும் அண்ணியும் சௌக்கியம்.

நீ கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே ஒரு தாளைப் பிரித்தேன். ஒரு காட்டு மரத்தின் கிளை. அதே குடும்பத்து மரங்களெல்லாம் பூத்து உதிர்ந்து காய் பிடித்திருக்கும் சமயத்தில் இது அப்போதுதான் மொட்டு விட்டிருக்கிறது. தாளின் பெயர்ச்சீட்டில் இரண்டாவது பெயர் 'செரோட்டினா'. கல்லூரியில் உன்னை வாட்டி எடுத்த லத்தீன்தான். முதலில் நிற்பது பெயர்ச்சொல், அடுத்தது அதன் பெயரடை. நமக்கு நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல நாய், எல்லாவற்றுக்கும் ஒரே 'நல்ல'தான். அங்கே பெயரடை, தனக்குத் துணையாக நிற்கும் பெயரைப் பார்த்துச் சட்டை மாற்றிக்கொள்ளும். ஆண்பாலுக்கு செரோட்டினுஸ், பெண்பாலுக்கு செரோட்டினா, இரண்டும் இல்லாததற்கு செரோட்டினும். இதில் வேடிக்கை, மரத்தின் பெயர் ஆண்பிள்ளை மாதிரி 'உஸ்' என்று முடிந்தாலும் அந்த மொழிக்கு மரம் பெண்தான். பெயரடையும் பெண்ணாகவே வந்து நிற்கும். ஓசையை நம்பி ஏமாறக் கூடாது.

அர்த்தம், பிந்தி வருவது. பருவம் தாண்டிப் பெய்கிற மழைக்கும் இதே சொல்தான். சோம்பல் என்று அர்த்தமில்லை, குறை என்றும் இல்லை. அதன் வேளை பின்னால் இருக்கிறது, அவ்வளவே.

நம் குட்டி செரோட்டினா. மாப்பிள்ளையிடமும் சொல். அவசரப்பட வேண்டாம்.

உன் மாமியார் தைலம் தேய்த்துக்கொள்கிறாரா? எல்லாருக்கும் என் அன்பு.

அண்ணன்


ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார். பிறகு அத்தைக்கு உரக்க வாசித்துக் காட்டினார். மறுநாள் அச்சகத்திலிருந்து ஒரு கனத்த அட்டை வந்தது. பெரிய அச்செழுத்தாகத் தானே பொறுக்கிக் கோத்து, ஒரே ஒரு பிரதி அடித்திருக்கிறார். செரோட்டினா. தொட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியாகிவிட்டது. அத்தைக்கு நாக்கு புரளவில்லை. "சரட்டினா, சாப்பிட வாடி" என்கிறார். கேட்டு நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "செரோட்டினா, செரோட்டினா" என்று கூப்பிட்டபடி வருகிறார். அவள் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். முன்னால் போய் உட்கார்ந்ததும் கட்டையைப் போட்டுவிட்டு அவர் மேல் தாவி ஏறுகிறாள். "பாத்தியா, அப்பா குரல் தெரியுது அவளுக்கு" என்கிறார். நான் ஆமாம் என்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். நம் இலக்கணத்தில் கூப்பிடுவதற்கென்றே எட்டாம் வேற்றுமை ஒன்று இருக்கிறதே. மகள் மகளே ஆவாள். அந்த மொழியிலும் அப்படி உண்டா? கூப்பிடும்போது செரோட்டினா என்பது வேறு மாதிரி மாறுமா? நாங்கள் ஒருவேளை தப்பான வடிவத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று இருக்கிறது. பைத்தியம் என்று நினைக்காதே.

அண்ணிக்கு என் அன்பு. பதிலைத் தள்ளிப் போடாதே.

சின்னவள்


செப்டம்பர் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகம். அங்கேயும் அதே என்று நம்புகிறேன்.

விளி உண்டு. ஆண்பாலாக இருந்தால் செரோட்டினே என்று மாறும். பெண்பாலுக்கு மாற்றமே கிடையாது. பெயராகச் சொன்னாலும் செரோட்டினா, கூப்பிட்டாலும் செரோட்டினா. நீங்கள் கூப்பிடுவதில் பிழை எதுவும் இல்லை.

அலமாரிகளை நகர்த்தியபோது இரண்டில் வண்டு விழுந்திருப்பது தெரிந்தது. மேலே பார்த்தால் இலை இலையாகத்தான் இருக்கிறது, தாளைத் தூக்கினால் தூளாகக் கொட்டுகிறது. இன்னும் சீக்கிரம் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த வேலையில் மூழ்கிக் கிடக்கிறேன். அதனால் இவ்வளவுதான்.

குட்டி எப்படி இருக்கிறாள்? அனைவருக்கும் என் அன்பு.

அண்ணன்


அக்டோபர் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். நலம்.

நேற்று அவர் குட்டியைத் தெருவில் நடக்க விட்டிருந்தார். இப்போது நன்றாக நடக்கிறாள். மூலைக் கடைக்குச் சரக்கு இறக்க வந்த லாரி அவளுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. இவள் சாக்கடை ஓரம் குந்தி, எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடைக்காரரோடு பேச்சில். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். கையை எடுக்காமல் அடித்தார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்குக் காது அடைத்தது. தெருவில் எல்லாரும் திரும்பினார்கள். அவள் மட்டும் எறும்பு போகும் வழியில் ஒரு குச்சியை வைத்தாள்.

அவர் பாய்ந்து தூக்கிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. லாரிக்காரர் இறங்கி வந்து, "ஏன்யா, இந்தப் புள்ளைக்குக் காது கேக்காதா?" என்றார். கோபத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் இவர் அவளை இறக்கிவிடாமலே வீட்டுக்கு நடந்தார். வந்து தண்ணீர் மொண்டு குடித்தார். அப்புறம், "விளையாட்டு மும்முரத்துல இருந்தா" என்றார். அத்தை குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணா, செடியின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் சீட்டில் பெயரடைக்கு முன்னால் 'சி.எஃப்.' என்று போடுவோமே. ஒப்பிட்டுப் பார், இதை அப்படியே நம்பாதே என்று அடுத்து வருகிறவருக்குச் சொல்கிற இரண்டு எழுத்து. ஒருநாள் அதை விட்டுவிட்டுச் சீட்டு எழுதியதற்காக எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினாய். "தெரியலைன்னு எழுதறது அவமானமில்ல, தெரிஞ்ச மாதிரி எழுதறதுதான் அவமானம்" என்றாய். உன் ஜூலைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். செரோட்டினாவுக்கு முன்னால் எதுவும் இல்லை. தெரிந்துதான் எழுதினாயா, இல்லை விட்டுப்போனதா? அதை மட்டும் எழுது. டாக்டரிடம் போவதற்கு அது போதும் எனக்கு.

உங்கள் இருவர் உடல்நலமும் எழுதவும்.

சின்னவள்


நவம்பர் 8

நாத்தனாருக்கு அண்ணி எழுதறது.

எனக்கு உன்னை மாதிரி, உங்க அண்ணன் மாதிரி எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன். நான் நல்லா இருக்கேன். உங்க அண்ணன் நல்லா இல்ல. காய்ச்சல் தலைவலின்னு பயப்படாதே. உன் கடுதாசி வந்ததுலேருந்து தாள் தாளா எழுதிக் கிழிக்கிறார். இந்த வீட்டுல அவர் எழுத்தைப் படிச்சது குப்பைக்கூடை ஒண்ணுதான். அது உனக்குப் பதில் போடாதுங்கறதால நான் போடறேன்.

அங்கேருந்து வந்த அன்னிக்கே என்கிட்ட சொன்னார். உங்க அடுக்களையில பெரிய இரும்பு மூடி மேல்தட்டுலேருந்து விழுந்துச்சாம், குழந்தை முதுகுக்குப் பின்னாடி. இவருக்கே உடம்பு தூக்கிப் போட்டுச்சாம். குழந்தை ஒரு கட்டைய எடுத்து இன்னொரு கட்டை மேல வச்சுதாம். "சொல்லிட்டு வந்தீங்களா?"ன்னேன். "எப்படிச் சொல்றது, அவ தாங்க மாட்டா"ன்னார். "அப்போ எழுதுங்க"ன்னேன். எழுதினார். லத்தீன்ல எழுதினார்னு இப்பதான் எனக்குத் தெரியும்.

தாங்கறதும் தாங்காததும் அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கே காது டாக்டர்கிட்ட போ. மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லு. ஏற்கெனவே வாயாடின்னு பட்டம் வாங்கினவதான், இன்னொரு பட்டம் கனக்காது.

வேளைக்குச் சாப்பிடு. குழந்தைக்கு என் முத்தம்.

அண்ணி


டிசம்பர் 14

அண்ணாவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நீயும் அண்ணியும் எப்படி?

அவரிடம் அண்ணி பெயரைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. "நாளைக்குப் போலாமா?" என்றேன். "லீவு சொல்லிட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஓர் அறை. சுவரெல்லாம் மெத்தை மாதிரி தைத்து, கதவு கனமாக, மூடினால் நம் மூச்சு நமக்கே கேட்கிறது. குட்டி என் மடியில். எதிரில் ஒரு பெண் துணிப்பொம்மையை ஆட்டி அவள் கண்ணைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் டாக்டர் முதலில் மணி அடித்தார். பிறகு மேளம் மாதிரி ஒன்று. பிறகு இயந்திரத்தில் ஏதோ திருகினார். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் திடுக்கிடாமல் உட்கார வேண்டும், தொடை அசைந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்றார்கள். நான் கல் மாதிரி இருந்தேன். கடைசிச் சத்தத்துக்கு என் காதில் வலித்தது. அவள் பொம்மையைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு காதும் கேட்காது. பிறவியிலேயே. கருவி வைத்தால் இடி மாதிரி சத்தம் கொஞ்சம் எட்டலாம், பேச்சு எட்டுவது சந்தேகம் என்றார் டாக்டர். கருவியும் வையுங்கள், சைகையும் சொல்லிக் கொடுங்கள், இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் பெரிது என்றார். "எப்போ சந்தேகம் வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற உன் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "இப்பதான், ஒரு லாரி வந்தப்போ" என்றேன்.

வரும் வழியெல்லாம் அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போல வாசலில் வாயைத் திறந்தார். பெயர் பாதியில் நின்றுவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அண்ணி எழுதியது எனக்குப் புதிதில்லை அண்ணா. மூடி விழுந்தபோது நான் பின்கட்டு வாசலில், கையில் நனைந்த துணியோடு நின்றுகொண்டிருந்தேன். நீ குட்டியைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு குனிந்து மூடியை எடுத்து, தோளிலிருந்த துண்டை மடித்து மேல்தட்டில் போட்டு, சத்தம் வராதபடி அதன் மேல் வைத்தாய். குழந்தை தூங்குகிற வீட்டில் வைக்கிற மாதிரி. நான் ஓர் அடி பின்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எதையும் பார்க்காதவள் போலத் துணி அலசினேன்.

அதற்குப் பிறகுதான் 'என்ன நினைக்கிறாய்' என்று உனக்கு எழுதினேன். தெரியாமல் கேட்கவில்லை. நீ சொன்னால் அது நான் சொன்னதாக ஆகாதே என்றுதான் கேட்டேன். நீ சொல்லவில்லை. நானும் செரோட்டினாவைப் பிடித்துக்கொண்டேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. என்மேல் இருப்பதில் பாதிதான்.

சின்னவள்


ஜனவரி 20

சின்னவளே,

உன் சுகம் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். குட்டி சுகம், மாப்பிள்ளை சுகம், உன் மாமியார் சுகம், எல்லாம் எழுது.

நீ குழாயடியில் நிற்பதாக நினைத்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதை நம்பிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

விட்டுப்போகவில்லை. தெரிந்துதான் அந்த இரண்டு எழுத்தைப் போடாமல் விட்டேன். போட்டால் நீ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுவாய், ஓடினால் மூடி விழுந்தது நிஜமாகிவிடும். நான் பெயர் வைக்கிற வேலைக்காரன். தப்பாக வைத்தால் செடிக்கு வலிக்காது. அந்தப் பழக்கத்தில் ஒரு குழந்தைக்கும் வைத்துவிட்டேன்.

அந்த ஜூலைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. சுவரில் இருக்கும் அட்டையையும் எடுத்துவிடச் சொல். அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பில் எனக்கு இலைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வரவேண்டும் என்று இருக்கிறது. வந்து எப்படி முகம் காட்டுவது, அவளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

குட்டி சுகம். அவர் சுகம். அத்தைக்கு முழங்கால் மறுபடி பிடித்துக்கொண்டது, ஆனால் வலியைச் சொல்லவும் ஆள் வேண்டியிருக்கிறது என்பதால் குட்டியிடம் காலைக் காட்டி முகத்தைச் சுளித்துக் காட்டுகிறார். இந்த வீட்டில் முதலில் சைகை பழகியது அத்தைதான்.

கருவி வந்துவிட்டது. மார்பில் ஒரு பெட்டி, காதுக்கு வயர். அவளுக்குப் பிடிக்கவில்லை, பிடுங்கிப் போடுகிறாள். இதுவரை அதனால் ஒன்றும் மாறவில்லை. மாறும் என்று யாரும் சொல்லவும் இல்லை. சில மதியங்களில் அவள் தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிப் பார்க்கிறேன். பிறகு எழுந்து வேலையைப் பார்க்கிறேன்.

உன் கடிதத்தைக் கிழிக்க மாட்டேன். நம் வேலையில் கிழிக்கிற வழக்கம் எப்போது இருந்தது? தப்பான பெயர் என்று தெரிந்தாலும் பழைய சீட்டு தாளில் அப்படியே இருக்கும். பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவோம், அதன் மேலேகூட ஒட்டமாட்டோம். யார் என்ன நினைத்தார்கள், எப்போது நினைத்தார்கள் என்பது அடுத்து வருகிறவருக்குத் தெரிய வேண்டும். நீதான் சொல்லிக் கொடுத்தாய்.

அட்டையும் சுவரில்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் நான் ஒரு சின்னச் சீட்டு எழுதி ஒட்டினேன். காது கேளாதவளுக்கும் அந்த மொழியில் ஒரு பெயரடை இருக்கும், அதற்கும் பெண்பால் இருக்கும். நீ தேடி எழுதி அனுப்பாதே. தமிழிலேயே எழுதிவிட்டேன். 'காது கேட்காது. பார்த்துச் சொன்னவள்: அம்மா.' கீழே தேதி, மூடி விழுந்த அன்றைய தேதி.

அவர் வேலையிலிருந்து வந்து அதைப் படித்தார். என் பசையும் இப்போது கஞ்சிதான், ஒரு ஓரம் எழும்பியிருந்தது. உள்ளங்கையால் அந்த ஓரத்தை அழுத்தித் தேய்த்துவிட்டுக் கை கழுவப் போனார். குட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தொட்டிலில் ஏறி நின்று, எட்டிய இடத்தில், வெறும் சுவரில், அதே மாதிரி உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

காது கேளாதோர் பள்ளியில் சைகை சொல்லித்தரும் டீச்சர், வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சைகை வையுங்கள், அவள் கண்ணுக்கு அதுதான் பெயர் என்றார். அத்தைக்கு முழங்காலைத் தட்டுவது. அப்பாவுக்கு எழுத்துப் பொறுக்குவது. சீட்டு ஒட்டுகிற உனக்கு அந்த உள்ளங்கை. மாமா என்றால் அழுத்தித் தேய்க்க வேண்டும். உன் போட்டோவைக் காட்டித் தினமும் செய்கிறேன். அவள் போட்டோவைப் பார்க்கிறாள், என் கையைப் பார்க்கிறாள். இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை.

துண்டை மேல்தட்டிலிருந்து இறக்கித் துவைத்துவிட்டேன். மூடி இனிமேல் எப்படி வேண்டுமானாலும் விழட்டும்.

எப்படிப் பேசுவது என்று கேட்டாய். பேச வேண்டாம். வாசலிலிருந்து கூப்பிடாதே. உள்ளே வந்து, அவள் பார்க்கிற இடத்தில் உட்கார். அந்தக் காலுறையைக் கொண்டு வா, அது இப்போது அவள் பொம்மைக்குத்தான் ஆகும்.

அண்ணிக்கு என் அன்பு, அவர் எழுதியதற்கும் சேர்த்து. உன் உடம்பு பத்திரம். எந்த நாள் வருகிறாய் என்று மட்டும் எழுது. அவளிடம் சொல்ல வேண்டும்.

உன் சின்னவள்